‘கால் ஆஃப்’ என்றால் கூப்பிடுவது அல்ல

கேள்வி: நான் தமிழ்வழியில் படித்தவன். ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் எங்கள் மேலாளர், ‘ப்ளீஸ் கால் ஆஃப் டுமாரோஸ் மீட்டிங்’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ‘கால்’ என்று இருந்ததால், கூட்டத்துக்கு வரவேண்டிய பதினோரு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, தவறாமல் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பதினோரு பேரும் வந்தார்கள். மேலாளர் மட்டும் ஊரில் இல்லை. கூட்டத்தை ரத்து செய்யச் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு, இப்படி வினையோடு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஃபிரேசல் வெர்புகள் ஐந்நூறு அடங்கிய பட்டியல் ஒன்றைத் தேடிப்பிடித்து, நாளுக்கு இருபது வீதம் மனப்பாடம் செய்துவருகிறேன். பத்து நாள் ஆகிறது. முதல் நாள் படித்தவை போய்விட்டன. ‘லுக் ஃபார்’, ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் இன்டு’ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இவற்றைக் கற்க நேர்வழி உண்டா? அலுவலகக் கடிதங்களில் இவற்றை எழுதலாமா, கொச்சையாகத் தெரியுமா? மேலாளர் அடுத்த வாரம் திரும்புகிறார். அவருக்காக எழுதிவைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தையும் பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்: ‘ஐ ஆம் சாரி ஃபார் த மிஸ்டேக். ஐ வில் லுக் ஆஃப்டர் வாட் ஹேப்பண்ட் அண்ட் சார்ட் அவுட் இட். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பதினோரு பேரும் வந்தார்கள் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நொடியே என் பழைய கதை நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிவிட்டது. ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு நான் சென்ற முதல் நேர்காணலில், ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 1994’ என்று பெருமையாகச் சொன்னேன். எதிரில் இருந்த பிரிட்டிஷ் பெண்மணி முகம் மாறி, ‘அடடா, இப்போது உடம்பு தேவலையா?’ என்று கேட்டார். பட்டம் பெற்ற ஆண்டைச் சொன்னதாக நான் நினைத்தேன். மயங்கி விழுந்த ஆண்டைச் சொல்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் வழக்கில், ராணுவத்திலோ காவல் துறையிலோ பயிற்சி முடித்து வெளியே வருகிறவர்கள் ‘பாஸ் அவுட்’ ஆகலாம். மற்றவர்கள் ‘பாஸ் அவுட்’ ஆனால் முகத்தில் தண்ணீர்தான் தெளிப்பார்கள்.

தெரியாத ஒரு சொல்லைக் கண்டதும் அதைத் தெரிந்த துண்டுகளாக உடைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலும் நல்ல பழக்கம்தான். இந்த வகைச் சொற்களில் மட்டும் அது காலை வாரிவிடும். இந்த வாக்கியத்தையே தமிழ் கற்கும் ஒருவர் படித்தால் யாருடைய காலை, எதைக் கொண்டு வாரினார்கள் என்று கேட்பார் அல்லவா? அவரிடம் ‘ஏமாந்துபோனான்’ என்றால், எந்த ஊருக்குப் போனான் என்பார். ‘விட்டுக்கொடுத்தாள்’ என்றால், எதை விட்டாள், எதைக் கொடுத்தாள் என்று இரண்டு கேள்வி வரும். ‘கண்டுபிடி’ என்பதில் காண்பதும் இருக்கிறது, பிடிப்பதும் இருக்கிறது. ஆனாலும் எதையோ கண்டு ஓடிப்போய்ப் பிடித்ததாக நாம் யாரும் நினைப்பதில்லை. இரண்டு சொல் ஒன்றாகி மூன்றாவது பொருள் ஒன்றைத் தருகிறது, அவ்வளவுதான். இதைக் குழந்தையிலிருந்தே செய்துவருகிறவர்கள் நாம். ஃபிரேசல் வெர்பைப் பார்த்து மிரள வேண்டிய கடைசி ஆட்கள் தமிழர்கள் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன்.

வேறுபாடு ஒன்றுதான். நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம்: போ, விடு, கொள், போடு, கொடு. ஆங்கிலேயர்கள் அப், அவுட், ஆஃப், ஆன், டவுன், அவே போன்ற குட்டிச் சொல் ஒன்றை ஒட்டுகிறார்கள். இலக்கணப் புத்தகங்கள் அதைப் பார்ட்டிகிள் என்கின்றன. நான் வால் என்பேன். எங்கே ஒட்டியிருக்கிறது, எப்போது ஆடுகிறது என்பதைச் சொல்ல அந்தப் பெயர் வசதியாக இருக்கிறது.

இந்த வால் உங்களை மட்டும் படுத்தவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே இதைப் பற்றிப் பேசுகிறார்: வினைக்குப் பின்னால் ஒரு துணுக்கைச் சேர்த்துப் பொருளை மாற்றுவது ஒருவேளை வேறெந்த மொழியைவிடவும் ஆங்கிலத்தில் அதிகம், வெளிநாட்டவருக்குப் பெரிய இடர்ப்பாடே இதனால்தான் என்று. நோய் அப்போதே இருந்தது. பெயர்தான் பின்னால் வந்தது. ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற சொல்லை லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் தன் நூலில் எடுத்தாண்டு, அதைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று எழுதினார்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய துணுக்குகள் பல வினைக்கு முன்னால்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. நாளடைவில் அவை பின்னால் வந்தன. முன்னால் நிற்பவற்றில் ‘ஓவர்டேக்’, ‘அப்செட்’ ஆகிய இரண்டும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. அவற்றைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வது. முந்திச் செல்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘செட் அப்’ என்றால் நிறுவுவது; ‘அப்செட்’ என்றால் மனம் கலங்குவது. மேலாளர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஜோடி ஒன்றும் உண்டு. அவருடைய அறிக்கையை ‘லுக் ஓவர்’ செய்தால் பாராட்டு, ஒரு முறை படித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று பொருள். ‘ஓவர்லுக்’ செய்துவிட்டேன் என்று எழுதினால், கண்ணில் படாமல் தவறவிட்டுவிட்டேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இனி அந்த ஐந்நூறு சொல் பட்டியலுக்கு வருகிறேன். அதை மடித்து எங்காவது வைத்துவிடுங்கள். அதில் ‘கெட்’ என்ற தலைப்பின் கீழ் நாற்பது சொல், ‘டேக்’ என்ற தலைப்பின் கீழ் முப்பது சொல் என்று வரிசையாக இருக்குமே? அந்த அடுக்குமுறையே உங்களைக் குழப்புகிறது. வினை ஒன்றாகவும் வால் மட்டும் வேறாகவும் இருபது சொல்லை ஒரே நாளில் விழுங்கினால் அவை ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நான் வேறு விதமாகச் சொல்லித்தருகிறேன். முதலில் வாலைக் கவனிக்க வேண்டும்.

‘ஹி டோர் த லெட்டர்’ என்றால் கடிதத்தைக் கிழித்தான். ஓரத்தில் சிறிது கிழிந்திருக்கலாம்; ஒட்டுப்போட்டுப் படிக்கவும் முடியலாம். ‘ஹி டோர் அப் த லெட்டர்’ என்றால் கிழித்துப்போட்டான். இனி அந்தக் கடிதம் கிடையாது. ‘கிழித்தான்’ என்பதற்கும் ‘கிழித்துப்போட்டான்’ என்பதற்கும் என்ன வேறுபாடோ அதுதான் அந்த ‘அப்’. ‘யூஸ்’ என்றால் பயன்படுத்துவது. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடுவது. இந்த இடங்களில் ‘அப்’ என்பதற்கு மேலே என்று பொருள் தேடினால் எதுவும் கிடைக்காது. அது நம்முடைய ‘விடு’, ‘போடு’ செய்யும் வேலையைச் செய்கிறது: காரியம் முடிந்தது, மிச்சம் இல்லை.

‘ஆன்’ பல இடங்களில் நம்முடைய ‘கொண்டே இரு’. ‘ரீட் ஆன்’ என்றால் நிறுத்தாதே, மேலே படி. ‘கேரி ஆன்’, ‘கோ ஆன்’, ‘கீப் ஆன்’ எல்லாம் அந்தக் குடும்பம்தான். ‘அவுட்’ இரண்டு விதமாக வரும். ஒன்று, தீர்ந்து ஓய்வது: ‘ரன் அவுட்’, ‘டை அவுட்’. மற்றது, மறைந்திருந்தது வெளியே வருவது: ‘ஃபைண்ட் அவுட்’, ‘பாயிண்ட் அவுட்’, ‘டர்ன் அவுட்’.

‘ஆஃப்’ பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றிலிருந்து விலக்கும், துண்டிக்கும். ‘கட் ஆஃப்’ சொல்லாமலே புரியும். ‘டேக் ஆஃப்’ என்று செருப்புக்குச் சொன்னால் காலிலிருந்து விலகுகிறது, விமானத்துக்குச் சொன்னால் தரையிலிருந்து விலகுகிறது. ‘புட் ஆஃப்’ என்றால் இன்றிலிருந்து விலக்கிப் பின்னொரு நாளில் போடுவது. தமிழில் ‘தள்ளிப்போடு’ என்கிறோம். அங்கே ஒரு ‘புட்’, இங்கே ஒரு ‘போடு’. உங்களை மாட்டிவிட்ட ‘கால் ஆஃப்’பும் இந்த வரிசைதான். பாயவரும் நாயை அதன் சொந்தக்காரர் குரல் கொடுத்து விலக்கினால் அதுவும் ‘கால் ஆஃப்’. கூட்டத்தையும் அப்படித்தான் குரல் கொடுத்து நிறுத்துகிறார்கள் என்று மனத்தில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திவைப்பதை ‘புட் ஆஃப்’ என்றும், அடியோடு ரத்து செய்வதை ‘கால் ஆஃப்’ என்றும் பிரித்து வைத்துக்கொண்டால் அலுவலகத்தில் பாதிச் சிக்கல் தீரும்.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நான் சொன்னால் பொய். ‘த லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘த அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது! பிறகு எழுந்து ‘டர்ன் ஆஃப்’ செய்தால்தான் அது ஓயும். படிவத்தை நிரப்புவதை பிரிட்டிஷார் ‘ஃபில் இன்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘ஃபில் அவுட்’ என்பார்கள். ஒருவருக்கு உள்ளே, ஒருவருக்கு வெளியே, படிவம் ஒன்றுதான். இங்கெல்லாம் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாலின் குணம் பாதி வழி காட்டும். மீதியைப் பழகித்தான் ஆக வேண்டும்.

வாலுக்கு மதிப்புக் கொடுப்பது சரி, அதையே வினையாக்கிவிடக் கூடாது. ‘லைட்டை ஆஃப் செய்’ என்று தமிழில் சொல்லிச் சொல்லி, ஆங்கிலத்திலும் ‘ஆஃப் த லைட்’ என்று பலர் சொல்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் ‘செய்’ என்ற வினை இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் அந்த இடத்தில் ‘டர்ன்’ அல்லது ‘ஸ்விட்ச்’ வர வேண்டும். இல்லாவிட்டால் வால் மட்டும் தனியே நடந்துவரும்.

அடுத்தது வால் நிற்கும் இடம். உங்கள் கடிதத்தில் உள்ள ‘சார்ட் அவுட் இட்’ என்பதைப் பார்த்ததும் இந்தப் பதிலில் பாதியை இதற்கே ஒதுக்க வேண்டும் என்று தோன்றியது.

‘சார்ட் அவுட்’ என்றால் சிக்கலைச் சரிசெய்வது. ‘சார்ட் அவுட் த ப்ராப்ளம்’ சரி. ‘சார்ட் த ப்ராப்ளம் அவுட்’ என்பதும் சரி. ஆனால் ப்ராப்ளத்தை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் ஒரே ஒரு வழிதான்: ‘சார்ட் இட் அவுட்’. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காரணம் தெரியும். இந்த வகையில் வால் அழுத்தமாக ஒலிக்கும், ‘இட்’ மெலிந்து ஒலிக்கும். வாக்கியத்தின் கடைசி இடம் ஆங்கிலத்தில் கனமானதற்கும் புதியதற்கும் உரியது. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ எல்லாம் ஏற்கெனவே பேசப்பட்ட ஆட்கள்; கனமில்லாதவர்கள். அவர்களை நடுவில் உட்காரவைத்துவிட்டுக் கடைசி இருக்கையை வாலுக்குக் கொடுப்பது அந்த மொழியின் மரியாதை. இதே காரணத்தால் செயப்படுபொருள் நீளமாக இருந்தால் வால் வினையை விட்டு விலகாது. ‘ஷி டர்ன்ட் டவுன் ஆல் த ஆஃபர்ஸ் தட் கேம் ஆஃப்டர் த இன்டர்வியூ’ (வந்த வாய்ப்புகளை எல்லாம் மறுத்துவிட்டாள்) என்பதில் ‘டவுன்’ கடைசிக்குப் போயிருந்தால், அது வந்துசேர்வதற்குள் கேட்பவருக்கு ‘டர்ன்’ மறந்திருக்கும்.

அப்படியானால் ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதில் ‘ஹெர்’ ஏன் கடைசியில் நிற்கிறது, ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ ஏன் கூடாது? இந்தக் கேள்விக்கு இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல் நல்ல விடை வேறில்லை.

‘ஹி ரான் அப் த ஹில்.’ ‘ஹி ரான் அப் த பில்.’

எழுத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. முதலாவதில் குன்றின் மேல் ஓடினான். இரண்டாவதில் செலவு செய்து செய்து கணக்கை ஏற்றிவிட்டான். இனி ‘இட்’ போட்டுப் பாருங்கள். குன்றுக்கு ‘ஹி ரான் அப் இட்’. கணக்குக்கு ‘ஹி ரான் இட் அப்’. முதல் வாக்கியத்தின் ‘அப்’ குன்றுக்குச் சொந்தம். தமிழில் ‘குன்றின் மேல்’ என்று பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் வாக்கியத்தின் ‘அப்’ ஓட்டத்துக்குச் சொந்தம். தமிழில் ‘ஏற்றிவிட்டான்’ என்று வினையோடு ஒட்டிக்கொள்கிறது. எந்த ஃபிரேசல் வெர்பைக் கண்டாலும் இந்த வால் யாருடையது என்று கேளுங்கள். வினையுடையது என்றால் பெயரைத் தாண்டிக் குதிக்கும். பெயருடையது என்றால் பெயருக்கு முன்னால் அசையாமல் நிற்கும்.

கைக்கணக்காக ஒன்று சொல்கிறேன். அப், டவுன், ஆஃப், அவுட், அவே, பேக் ஆகியவை பெரும்பாலும் குதிக்கும் வால்கள். ஃபார், இன்டு, அட், ஆஃப்டர், வித், அபவுட் ஆகியவை குதிப்பதில்லை. ஆன், இன், ஓவர், த்ரூ நான்கும் இரண்டு கட்சியிலும் இருக்கும். ஐயம் வந்தால், மாணவர்களுக்கான நல்ல அகராதி ஒன்றைத் திறந்து தலைப்புச் சொல்லை மட்டும் பாருங்கள். ‘புட் ஸம்திங் ஆஃப்’ என்று நடுவில் ‘ஸம்திங்’ போட்டு அச்சிட்டிருந்தால் குதிக்கும். ‘லுக் ஆஃப்டர் ஸம்படி’ என்று கடைசியில் போட்டிருந்தால் குதிக்காது. சில அகராதிகளில் குதிக்கும் இடத்தில் இருதலை அம்புக்குறிகூட இருக்கும். பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் இந்தக் குறிப்பைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் பொருளைவிட இதுதான் முக்கியம். பொருள் தவறினால் எதிரில் இருப்பவர் கேட்டுத் தெளிவார். ‘பிக் அப் மீ’ என்று சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள், மனத்துக்குள் குறித்துக்கொள்வார்கள்.

செயப்படுபொருளே வேண்டாத ஃபிரேசல் வெர்புகளும் உண்டு. ‘த கார் ப்ரோக் டவுன்’ என்றால் கார் நின்றுவிட்டது. வால் குதிக்க இடமே இல்லை, பிரச்சினையும் இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘க்ரோ அப்’ என்பது வளர்வது, ‘ப்ரிங் அப்’ என்பது வளர்ப்பது. ‘மை கிராண்ட்மதர் க்ரூ மீ அப்’ என்று எழுதினால் பாட்டிக்குக் கோபம் வராது, ஆங்கில ஆசிரியருக்கு வரும்.

இப்போது ‘லுக்’ குடும்பம். நீங்கள் குழம்புவதாகச் சொன்ன மூன்றையும் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் பாருங்கள். நம் ‘பார்’ என்ன பாடு படுகிறது! எட்டிப்பார், சரிபார், பார்த்துக்கொள், எதிர்பார். கடைசி இரண்டையும் மறுபடி படியுங்கள். குழந்தையைப் ‘பார்த்துக்கொள்’ என்பதுதான் ‘லுக் ஆஃப்டர்’. ‘எதிர்பார்’ என்பதை உடைத்தால் எதிரே பார்ப்பது. ‘லுக் ஃபார்வர்ட்’ என்பதும் எதிரே பார்ப்பதே. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் ஆவல் கலந்திருக்கும். அபராத அறிவிப்பை யாரும் ‘லுக் ஃபார்வர்ட்’ செய்வதில்லை. மீதி இருப்பவை ‘லுக் ஃபார்’, அது தேடுவது; ‘லுக் இன்டு’, அது உள்ளே நுழைந்து பார்ப்பது, அதாவது விசாரிப்பது.

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பிறகு ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’ வரும். ‘டு’ என்றாலே அடுத்து வெறும் வினை என்று பள்ளியில் பழகியிருக்கிறோம். ‘ஐ வான்ட் டு கோ’ என்பது போல. இந்த ‘டு’ வேறு ஆள். சோதனை எளிது: ‘டு’வுக்குப் பிறகு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ என்று சொல்ல முடிகிறது. பெயர் உட்காரும் இடம் அது என்றால் வினை வரும்போதும் பெயர் வேடம் போட்டுத்தான் வர வேண்டும். ‘கேட்பதை எதிர்பார்க்கிறேன்’ என்று நாமும் ‘கேள்’ என்பதைக் ‘கேட்பது’ ஆக்கித்தானே சொல்கிறோம்?

வால் தேவைப்படாத இடத்தில் அதை ஒட்டுவது இன்னொரு வழக்கமான பிழை. சமாளிப்பதைக் ‘கோப் அப் வித்’ என்று எழுதுகிறார்கள். ‘கோப் வித்’ போதும். ‘ரிப்ளை பேக்’, ‘ரிட்டர்ன் பேக்’ இரண்டிலும் ‘பேக்’ வெட்டி. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’ வேண்டாம். வால் வைத்தால் ஆங்கிலம் சரளமாகத் தெரியும் என்ற எண்ணத்தில் வைப்பதுதான் இதெல்லாம்.

கொச்சையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ‘தள்ளிப்போடு’, ‘ஒத்திவை’ இரண்டும் தமிழே. வீட்டில் முதலாவதைச் சொல்வோம், நீதிமன்றத் தீர்ப்பில் இரண்டாவதை எழுதுவார்கள். ஆங்கிலத்திலும் ‘புட் ஆஃப்’ வீட்டுச் சொல்; லத்தீனிலிருந்து வந்த ‘போஸ்ட்போன்’ அங்கி போட்ட சொல். ஒப்பந்தம், ஆய்வுக் கட்டுரை போன்றவற்றில் அங்கி போட்டவை பொருந்தும். அலுவலக மின்னஞ்சலில் ‘புட் ஆஃப்’ தாராளமாக எழுதலாம். உங்கள் மேலாளரே ‘கால் ஆஃப்’ என்றுதானே எழுதியிருந்தார்? ‘லாக் இன்’, ‘ஃபாலோ அப்’ போன்றவற்றுக்குப் பதிலாக ஒற்றைச் சொல் தேடினால் வாக்கியம்தான் விறைத்துக்கொள்ளும். வினையாக வரும்போது இவற்றைப் பிரித்து எழுத வேண்டும், பெயராக வரும்போது சேர்த்து எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ‘செக்கப்’புக்குப் போகிறோம், ஆனால் ஒன்றைச் சரிபார்க்கும்போது ‘செக் அப் ஆன்’ என்று வால் தனியே நிற்கும்.

காதில் விழும்போது புரிவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை; ஆனால் அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘புட் இட் ஆஃப்’ என்று மூன்று சொல்லாக யாரும் உச்சரிப்பதில்லை. ‘புட்டிட்டாஃப்’ என்று ஒரே மூச்சில் வரும். நிலைமொழி ஈற்று மெய்யும் வருமொழி முதல் உயிரும் புணர்வதுதான். நாம் புணர்ச்சியை எழுதியும் காட்டுகிறோம், அவர்கள் பேச்சில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியலுக்குப் பதிலாக என்ன செய்வது? ஒரு குறிப்பேடு போதும். உங்களுக்கு வரும் மின்னஞ்சல்களிலிருந்து நாளுக்கு இரண்டோ மூன்றோ மட்டும் எடுங்கள். தனிச்சொல்லாக எழுத வேண்டாம். அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே அதே வாக்கியத்தை ‘இட்’ அல்லது ‘தெம்’ போட்டு மாற்றி எழுதுங்கள். அதன் கீழே தமிழில் நீங்கள் அலுவலகத்தில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி ஒரு வரி. உதாரணத்துக்கு:

‘வீ ஹாவ் டு ஹேண்ட் இன் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே.’
‘வீ ஹாவ் டு ஹேண்ட் இட் இன் பை ஃப்ரைடே.’
வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் வரியை எழுதும்போதே வால் குதிக்குமா என்ற கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். அகராதியைத் திறந்தே தீருவீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு நேரத்தில் ஒரே பொருள். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பது என்று எழுதிய அன்றே, அதற்கு ஊக்கத்தைக் கெடுப்பது என்ற இன்னொரு பொருளும் உண்டு என்று பக்கத்தில் குறிக்க வேண்டாம். அந்த இரண்டாம் பொருள் உங்கள் கண்ணெதிரே ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும் நாளில் தனிப் பக்கம் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் கடிதம். ‘லுக் ஆஃப்டர்’ என்பதை ‘லுக் இன்டு’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் நடந்தது என்ன என்று விசாரிக்க இதில் என்ன இருக்கிறது? தவறு யாருடையது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பதினோரு பேருக்கும் தெரியும். விசாரணைக் குழு வேண்டாம். மூன்றாம் வரியும் வேண்டாம். நேரில் பார்க்கப்போகிறவரிடமிருந்து பதில் வரும் என்று ஆவலோடு காத்திருப்பதாக எழுதுவது ஏதோ போலிருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ‘ஹியரிங்’ என்று எழுதுங்கள். நானாக இருந்தால் இவ்வளவோடு நிறுத்துவேன்:

‘ஐ ஆம் சாரி ஃபார் த மிக்ஸ்-அப். ஐ மிஸ்அண்டர்ஸ்டுட் யுவர் ஈமெயில். ஐ ஹாவ் ஸ்போக்கன் டு ஆல் லெவன் பீப்பிள் அண்ட் சார்ட்டட் இட் அவுட்.’

இதை அனுப்புவதற்கு முன் அந்தப் பதினோரு பேரிடமும் உண்மையிலேயே பேசிவிடுங்கள்.

அன்று அவர்களுக்கு நீங்கள் அனுப்பியிருக்க வேண்டிய வரியையும் எழுதிவிடுகிறேன், மறுபடி தேவைப்படலாம்: ‘டுமாரோஸ் மீட்டிங் ஹாஸ் பீன் கால்டு ஆஃப்.’ செயப்பாட்டு வினையில் வாலுக்குப் பின்னால் பல நேரம் எதுவும் இருக்காது. அது வாக்கியத்தின் கடைசியில் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். அழகில்லை என்று அதை வெட்டிவிட வேண்டாம். ‘மீட்டிங் ஹாஸ் பீன் கால்டு’ என்றால் கூட்டம் கூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பதினோரு பேரும் மறுபடி வந்து நிற்பார்கள்.